பழைய பிரிட்டிஷ் சின்னக் கார்கள்: கேள்வி பதில்

கேள்வி: அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் மினிதான் உசத்தி என்கிறார்களே, ஓட்டவும் சுகமானதா சார்?

பதில்: யோசனையில் அதை மிஞ்ச ஆளில்லை. 1959இல் 848 சிசி எஞ்சினைக் குறுக்கே வைத்து, அதற்கடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள்ளேயே கியர்பாக்ஸை அடக்கி, பத்தடி நீளத்தில் நான்கு பேரை உட்கார வைத்தார் அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ். அடிபட்டது சொகுசுதான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பற்சக்கரங்கள் ஓயாமல் முனகும். ரப்பர் சஸ்பென்ஷன் மோசமான சாலையில் உலுக்கி எடுக்கும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்குப் பின்னாலேயே இருப்பதால் கனமழையில் நனைந்து வண்டி நின்றுவிடும்.

இதே இசிகோனிஸ் 1948இல் கொடுத்த மோரிஸ் மைனர் எவ்வளவோ பக்குவமானது. பல்சட்டத்தைப் பற்சக்கரம் நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்பக்கம் ஸ்பிரிங்காக முறுங்கும் கம்பியான டார்ஷன் பார். வளைவில் நினைத்த இடத்தில் போகும். மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிந்ததால் நடுவில் அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார்கள். பானட் நடுவே ஓடும் தட்டையான பட்டை அதனால் வந்ததுதான். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பாணி 918 சிசி சைடு வால்வ் எஞ்சின்தான் சோப்ளாங்கி. 1956இல் 948 சிசி வந்த பிறகுதான் வண்டிக்கேற்ற எஞ்சின் கிடைத்தது.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, அப்பாவின் மைனர் 1000இல் முதல் கியர் கரகரக்கிறது. பழுதா?

பதில்: இல்லை தம்பி. முதல் கியருக்கு சின்க்ரோமெஷ், அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கிக் கரகரப்பில்லாமல் கியர் விழ வைக்கும் அமைப்பு, கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகு போடுங்கள்.

கேள்வி (சென்னை): ஸ்டாண்டர்ட் ஹெரால்டு?

பதில்: நம் மெட்ராஸில் தயாரான வண்டி! 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும், பானட்டைத் திறந்தால் எஞ்சின் முழுக்கக் கைக்கு எட்டும். ஆனால் பின்சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஊசலாடும் ஸ்விங் ஆக்சில் என்பதால், வளைவில் வேகமாகப் போய் சட்டென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அப்புறம் அதே ஸ்டாண்டர்ட் கம்பெனியிலிருந்து வந்த கெசல் காரில் அதை மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: உங்கள் ஓட்டு எதற்கு சார்?

பதில்: ஹில்மன் இம்ப், 1963. பின்னால் சாய்த்து வைத்த 875 சிசி அலுமினிய எஞ்சின், வால்வுகளை இயக்கும் கேம் தண்டு எஞ்சினின் உச்சியிலேயே இருக்கும் ஓவர்ஹெட் கேம். கோவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற எஞ்சின் கம்பெனியின் வடிவமைப்பு வழி வந்தது. நான்கு கியருக்கும் சின்க்ரோமெஷ் உண்டு. மினிக்கு அது 1968இல்தான் கிடைத்தது. இம்ப்பின் கியரை இரண்டு விரலால் மாற்றலாம். ஆரம்ப வண்டிகளின் கோளாறுகள் அதன் பெயரைக் கெடுத்தது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். வாங்குவதென்றால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.