கேள்வி-பதில்: அரிசிச் சிப்பத்தில் வண்டு, யார் பொறுப்பு?

கேள்வி: 26 கிலோ பழைய பொன்னி அரிசிச் சிப்பம் வாங்கினோம். பிரித்தபோது சுத்தமாக இருந்தது. ஐந்து வாரத்தில் கறுப்பு வண்டு. “உங்க வீட்டு டிரம்மிலிருந்து வந்திருக்கும்” என்கிறார் கடைக்காரர். மாத்திரை போட்டு வைக்கலாமா?

பதில்: முதலில் மாத்திரை. வேண்டவே வேண்டாம். குடோன்களில் போடுவது அலுமினியம் பாஸ்பைடு. அதிலிருந்து வரும் வாயு வீட்டில் ஆளையே கொன்றுவிடும். பாதரச மாத்திரையும் விஷம்தான்.

வண்டு எங்கிருந்து வந்தது? பெண் வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெயிலுக்குச் சுமார் ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். ஆகவே பிரித்த அன்று சுத்தமாக இருந்தது எதையும் நிரூபிக்காது. ஐந்து வாரக் கணக்கைப் பார்த்தால் வாங்கும்போதே முட்டை இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் டிரம்மின் அடியில் பழைய அரிசி கிடந்து, அதன் மேலேயே கொட்டியிருந்தால் கடைக்காரர் சொல்வதையும் தள்ள முடியாது. இவ்வளவு நாள் கழித்து மாற்றித் தரச் சொல்லி வெல்வது கஷ்டம். பிரித்த ஓரிரு நாளில் வண்டு தெரிந்தால் கதை வேறு: பில், சிப்பத்தில் உள்ள பேக்கிங் தேதி, போட்டோ மூன்றையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இருப்பதைச் சலித்து இளவெயிலில் பரப்புங்கள், வண்டு ஓடிவிடும். உச்சி வெயிலில் காயவைத்தால் அரிசி விரிசல் விட்டு, வடிக்கும்போது உடையும். உள்ளே இருக்கும் புழுவுக்கு வேப்பிலையும் வசம்பும் எட்டாது. கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் சாகும்.

சின்னக் குடும்பத்துக்கு 26 கிலோ எதற்கு? 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு பரவிய அளவு அது. வரியை மிச்சம் பிடித்து வண்டுக்குப் போடுவதைவிட ஐந்து, பத்து கிலோவாக வாங்கலாம்.

கேள்வி: பச்சைப்பயறில் வெள்ளைப் புள்ளிகள். தூசியா?

பதில்: தேய்த்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பயறு வண்டின் முட்டை. அந்தப் பயறை வாங்காதீர்கள். நல்ல பயறு என்றால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வையுங்கள், முட்டை பொரிக்காது. சமைக்குமுன் நன்றாகக் கழுவிவிடுங்கள்.