“என் கோப்பின் பெயர்கூடத் தெரியவில்லையே!”

கேள்வி: குறியாக்கம் உள்ள கிளவுட் சேமிப்பில் பல வருடப் படங்களும் ஆவணங்களும் வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி அந்த நிறுவனம் வைத்திருக்கும் தரவைக் கேட்டு வாங்கினேன். ஜிப்பைத் திறந்தால் எல்லாம் எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. யாராவது கணக்கில் புகுந்துவிட்டார்களா?

பதில்: பயப்படாதீர்கள், இப்படித் தெரிவதற்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் கோப்பும் அதன் பெயரும் உங்கள் கருவியிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகின்றன, திறக்கும் சாவி நிறுவனத்திடம் இல்லை. அதனால் பூட்டிய பெட்டியைப் பூட்டியபடியே கொடுத்திருக்கிறார்கள். படங்கள் வேண்டுமென்றால் வழக்கம்போலக் கணக்கில் நுழைந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

யாராவது புகுந்தார்களா என்ற சந்தேகத்துக்கு, அதே ஜிப்பில் இருக்கும் உள்நுழைவுப் பட்டியலைப் பாருங்கள். அங்கே 1700000000 மாதிரி 10 இலக்க எண் இருக்கும். அது 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகள். எக்செல்லில் அதை 86400-ஆல் வகுத்து 25569-ஐக் கூட்டி, கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் 2023 நவம்பர் 14 என்று வரும் (நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்). 13 இலக்கமாக இருந்தால் முதலில் 1000-ஆல் வகுக்க வேண்டும். ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்புக்கான எண்) புதிதாக இருக்கிறதே என்று பதறாதீர்கள், மொபைல் இணையத்தில் அது அடிக்கடி மாறும். நீங்கள் தொட்டே பார்க்காத ஒரு கருவியோ, நீங்கள் தூங்கும் நேரத்தில் ஒரு நுழைவோ இருந்தால்தான் கவலை.

இதையெல்லாம் நிறுவனம் எளிய மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கூடவே வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டது, கொடுக்கும் தகவல் புரியும்படி இருக்க வேண்டும் என்று அதன் 12-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனாலும் கணினிக்கான ஜேசன் (JSON) வடிவக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். “டீக்ரிப்ட் செய்து (பூட்டைத் திறந்து) தருகிறோம், கடவுச்சொல்லையும் ரெக்கவரி கீயையும் (கடவுச்சொல் மறந்தால் உதவும் மாற்றுச் சாவி) மட்டும் அனுப்புங்கள்” என்பார்கள். அதைக் கொடுத்தால் மொத்தக் கணக்கையும் கையில் கொடுத்த மாதிரி. கொடுக்காமல் அவர்களால் ஒரு எழுத்தைக்கூடத் திறக்க முடியாது. ‘பேஸ்64 டீகோட்’ செய்துவிட்டு காசு கேட்பவர்களும் உண்டு, அது எழுத்து மாற்றம்தான், பூட்டு அப்படியே இருக்கும். பதற்றத்தில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ பொத்தானையும் அழுத்திவிடாதீர்கள், ரெக்கவரி கீ இல்லாமல் மாற்றினால் பழைய கோப்புகள் போனதுதான்.

கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாது என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, நீங்கள் பகிர்ந்த லிங்க். சில சேவைகளில் லிங்கில் # குறிக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் அந்தக் கோப்பின் சாவி. பிரவுசர் அந்தப் பகுதியைச் சர்வருக்கு அனுப்புவதில்லை, அதனால் தரவு ஜிப்பில் அது இருக்காது, ஆனால் நீங்கள் யாருக்கோ அனுப்பிய பழைய மெசேஜில் இருக்கும். முழு லிங்க் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமலே அந்தக் கோப்பைத் திறக்கலாம், நீங்கள் கடவுச்சொல்லை மாற்றினாலும் திறக்கலாம், லிங்கையே ரத்து செய்தால்தான் நிற்கும். ஆகவே பகிர்ந்தவற்றின் பட்டியலை உட்கார்ந்து பார்த்து, வேண்டாததை ரத்து செய்யுங்கள்.

அப்புறம், அந்த ஜிப்பை டவுன்லோட்ஸில் அப்படியே விட்டுவைக்காதீர்கள். உங்கள் மின்னஞ்சல், ஐபி, தொடர்பில் இருப்பவர்களின் முகவரி எல்லாம் அதில் பூட்டில்லாமல்தான் கிடக்கின்றன.