வாங்கலாமா, பொறுக்கலாமா? மலையிலிருந்து வந்த லேப்டாப் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், குன்னூரில் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்பார்கள்: "புதுசு வருதாமே, அதுவரைக்கும் பொறுக்கலாமா?" வாட்ஸ்அப்பிலும் அதேதான். சேர்ந்துபோன சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், காரணம் படிக்கும்போது தெரியும்.

அண்ணா, தம்பிக்குக் கோவையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிட்டத்தட்ட உறுதி. அப்பா தேயிலைக் காசில் 60 ஆயிரம் எடுத்து வைத்திருக்கிறார். தம்பியோ, "புது ஜெனரேஷன் சிப் வருது, தீபாவளிக்கு வாங்கிக்கலாம்" என்று பிடிவாதம் பிடிக்கிறான். என்ன செய்வது? – கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்)

பொறுக்க வேண்டாம்மா. தம்பி சொல்வது பாதி சரி. புது சிப் வந்திருக்கிறது. இன்டெல்லின் கோர் அல்ட்ரா சீரிஸ் 3 இந்த 2026 ஜனவரியில்தான் வெளியானது. ஆனால் புது சிப் முதலில் ஏறி உட்காருவது விலை கூடின மாடல்களில். 60 ஆயிரம் ரூபாய்க்காரர்கள் பார்க்கும் அலமாரிக்கு அது இறங்கி வருவதற்குள் தம்பிக்கு எத்தனை செமஸ்டர் ஓடியிருக்குமோ! அந்த அலமாரியில் இன்றைக்கு நிற்பதில் பாதி, 2023-இல் வந்த ஐ5-1334யு மாதிரியான சிப்கள்தான். பக்கத்திலேயே "கோர் 5 120யு" என்று ஒன்று இருக்கும். 2024-இல் வந்தது, பெயர் புதுசு. உள்ளே அதே குடும்பம், அதே பத்து கோர் (கணக்குப் போடும் பகுதிகள்). மேட்டுப்பாளையத்தில் ஏறிய பஸ்ஸுக்குப் பர்லியாறில் போர்டை மாற்றி மாட்டின கதை. ஆக, தம்பி காத்திருப்பது ஒன்று, தீபாவளிக்கு அவன் காசுக்குக் கிடைக்கப்போவது வேறொன்று.

அதைவிடப் பெரிய காரணம், ரேம் (வேலை நடக்கும்போது லேப்டாப் பயன்படுத்தும் மெமரி) விலை ஏறிக்கொண்டிருப்பது. நான் கடை வைத்த நாளிலிருந்து எல்லோருக்கும் சொல்லி வந்தது, "அவசரம் இல்லேன்னா ஆறு மாசம் பொறுங்க, அதே காசுக்கு இன்னும் நல்லதா வரும்" என்பதுதான். 2025 கடைசியில் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன். உலகத்தில் விற்கும் ரேம் சிப்பில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பேரிடமிருந்து வருகிறது. மூன்று பேருமே ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மெமரி பக்கம் திரும்பிவிட்டார்கள், அங்கேதான் லாபம். 2025 டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு விற்கும் குருஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. நான் பழைய லேப்டாப்புகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த ரேமில் முக்கால்வாசி குருஷியல்தான்! புது ஃபேக்டரி கட்டி உற்பத்தி தொடங்க வருஷக்கணக்கில் ஆகும். தீபாவளிக்குள் விலை இறங்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

உங்கள் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு இலை, ஒரு மொட்டாகக் கிள்ளினால்தான் கொழுந்து. ஆள் வரட்டும், விலை ஏறட்டும் என்று தள்ளிப்போட்டால் இலை முற்றிப்போகும், ஃபேக்டரியில் மூட்டையைப் பிரித்ததும் முகம் சுளிப்பார்கள்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: ரேம் எத்தனை ஜிபி, போர்டோடு ஒட்டினதா, ஸ்லாட்டில் மாட்டினதா? 16 ஜிபி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 8 ஜிபி, கூடவே காலி ஸ்லாட் ஒன்று என்றாலும் சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம். 8 ஜிபி, அதுவும் ஒட்டினது என்றால் வேண்டாம். தம்பி சேர்வது அரசுக் கல்லூரி என்றால், 2026 ஜனவரியில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவனுக்கு வருமா என்று முதலில் கல்லூரியில் கேட்டுவிடுங்கள். முதல் வருஷம் சி, பைத்தான் புரோகிராம் எழுத அது தாராளமாகப் போதும். அப்பாவின் காசு அப்படியே இருக்கட்டும்.

தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். லேப்டாப் ஐ5 ஏழாம் ஜெனரேஷன். டாலி, ஜிஎஸ்டி, பேங்க் வேலை மட்டும்தான். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. சூடும் அதிகம், விமானம் மாதிரி சத்தம். புதுசு வாங்கவா, அடுத்த வருஷம் பார்க்கவா? – குன்னூர்

சார், இதில் இரண்டு வியாதி. ஒன்றுக்கு மருந்து பிரஷ்ஷும் புளோயரும்தான். இதே மாதிரி ஒரு ஃபேக்டரி லேப்டாப்பைச் சமீபத்தில் திறந்தேன். ஃபேனுக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவில் காற்று போகும் தகடுகள் உண்டல்லவா, அதன் மேல் தேயிலைப் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. பொன்பழுப்பு நிறம், விரலால் உரித்தால் முழுப் பட்டையாக வருகிறது, முகர்ந்தால் டீ வாசனை. அதை எடுத்துவிட்டுப் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்ததும் சத்தம் அடங்கிவிட்டது. உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். கீழ்த்தளத்தில் டிரையர் பக்கம் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

இன்னொரு வியாதிக்குத் தேதி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கான லேப்டாப்புகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள், 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்யும் வழி இருக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் ஜெனரேஷனாவது வேண்டும் என்று கோடு கிழித்துவிட்டார்கள், நீங்கள் ஒரு படி கீழே நிற்கிறீர்கள். குறுக்கு வழியில் ஏற்றிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபேக்டரியின் பேங்க் பாஸ்வேர்டு உள்ள மெஷினில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஆகவே 2026 அக்டோபர் வரை இதையே ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அப்போதும் புதுப்புது சிப்பெல்லாம் தேவையில்லை. பெரிய கம்பெனிகள் மூன்று வருஷம் வைத்திருந்து கழித்துவிடும் ஆபீஸ் லேப்டாப்புகள் கிடைக்கும். பதினொன்றாம் ஜெனரேஷன் அல்லது அதற்குப் பிந்தியது, பில்லோடும் ஒரு வருஷ வாரண்டியோடும் கிடைத்தால் டாலிக்கு அது ராஜபோகம்.

கல்யாணமும் எடுக்கிறேன், காட்டுமாடும் எடுக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3050 (என்விடியா கிராஃபிக்ஸ் சிப்) லேப்டாப்பில் 4கே எடிட் பண்ணினால் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. ஆர்டிஎக்ஸ் 60 வரும்வரை தாக்குப்பிடிக்கலாமா? – கோத்தகிரி

தம்பி, முதலில் கேமரா மெனுவைப் பாருங்கள். 4:2:2 10-பிட் (நிற விவரம் கூடுதல்), எச்.265 (வீடியோவை இறுக்கிச் சுருக்கும் முறை) என்று வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் குற்றவாளி அதுதான். அந்த வகை வீடியோவைப் பிரிக்கும் வன்பொருள் ஆர்டிஎக்ஸ் 30-லும் இல்லை, 40-லும் இல்லை, 50-இல்தான் சேர்த்தார்கள். இன்டெல் பிராசசர்களின் உள்கிராஃபிக்ஸிலோ பதினொன்றாம் ஜெனரேஷன் காலத்திலேயே வந்துவிட்டது. இதனால்தான் நண்பரின் சாதாரண இன்டெல் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும் கிளிப், உங்கள் கேமிங் லேப்டாப்பில் முக்குகிறது.

இன்றிரவே காசில்லாமல் செய்யக்கூடியது: பிராக்ஸி ஃபைல் (வீடியோவின் லேசான நகல்) உருவாக்கி எடிட் பண்ணுங்கள். அல்லது முகூர்த்தத்துக்கு, நிற விவரம் குறைவான 4:2:0-வில் எடுங்கள், பெண் வீட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. காட்டுமாட்டுக்கு வேண்டுமானால் 4:2:2 வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 40 வந்தது 2023 பிப்ரவரி, 50 வந்தது 2025 மார்ச். அடுத்தது எப்போதோ, அதற்குள் எத்தனை கல்யாண சீசன் போகுமோ. ஆர்டர் கையில் இருந்தால் 50 வரிசையில் ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பெயரை மட்டும் பார்க்காதீர்கள், கிராஃபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் போகும் என்று கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 என்ற ஒரே பெயரில் 45 வாட்டிலும் வரும், 100 வாட்டிலும் வரும். ஒல்லியான லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் சவலைப் பிள்ளை. கடைக்காரர் வாட் தெரியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், என் கடையாக இருந்தாலும் சரி.

ஏஎம்டியின் ரைசன் 5 7520யு சிப் லேப்டாப், "7000 சீரிஸ்" என்று போட்டு நல்ல விலைக்கு வருகிறது. புதுசுதானே அண்ணா? – கூடலூர்

இல்லைங்க. அந்த நாலு இலக்கத்தில் முதல் எண்ணைப் பார்க்காதீர்கள், மூன்றாவதைப் பாருங்கள். 7520-இல் மூன்றாவது 2, அதாவது ஜென் 2, 2019-இல் வந்த வடிவமைப்பு. 7530 என்றால் ஜென் 3, 7640 என்றால் ஜென் 4. போதாததற்கு 7520-இல் ரேம் எப்போதும் ஒட்டினதுதான், பின்னால் ஏற்ற முடியாது. அம்மாவுக்கு யூடியூப் பார்க்க என்றால் எடுங்கள்.

மேக்புக் ஏர் எம்1, 8 ஜிபி வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்தே டிசைன் வேலை. இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் மாற்றச் சொல்லி மனசு அரிக்கிறது. – ஊட்டி

இந்தப் பட்டியலில் உங்களுக்கு மட்டும்தான் கெடு எதுவும் வைக்காமல் பொறுங்கள் என்கிறேன். நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற? மனசு அரித்தால் ஒரு வாரம் வேலை பார்க்கும்போது ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து மெமரி பிரஷர் கட்டத்தைக் கவனியுங்கள். பச்சையாகவே இருந்தால் மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். அடிக்கடி மஞ்சள், சிவப்பு என்று போனால் மாற்ற நேரம் வந்துவிட்டது.

அப்போதும் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குவது கெட்டிக்காரத்தனம். ஏர் வரிசையில் எம்1 2020 நவம்பரில் வந்தது, எம்2 2022 ஜூலையில், எம்3 2024 மார்ச்சில், எம்4 2025 மார்ச்சில். புதுசு வந்த மறு வாரமே முந்தினது விலை இறங்கும். 2024 அக்டோபருக்குப் பிறகு ஏரில் தொடக்கமே 16 ஜிபி. அதற்கு முந்தின 8 ஜிபி சரக்கு இன்னும் சில இடங்களில் தள்ளுபடியில் கிடக்கிறது, அதை மட்டும் தொடாதீர்கள்.

ஏஐ லேப்டாப் என்கிறார்களே, அதற்குக் காத்திருக்கவா?

வேண்டாம். கோபைலட் பிளஸ் என்ற முத்திரைக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் என்பியு (ஏஐ வேலைக்கென்றே உள்ள சிப் பகுதி) வேண்டும் என்பது விதி. அதை வைத்து நீங்கள் இன்றைக்குச் செய்யப்போவது வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்குவது. வாங்குவதில் இருந்தால் இருக்கட்டும்.

தீபாவளி ஆஃபருக்குக் காத்திருந்தால் ஐந்தாயிரமாவது மிச்சமாகாதா? ஜிஎஸ்டியும் குறைந்துவிட்டதே? – ஓய்வுபெற்ற ஆசிரியர், அரவங்காடு

ஐயா, 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்ததில் லேப்டாப் இல்லை. அப்போதும் 18 சதவீதம், பிறகும் அதே 18. ஆஃபர் விலைக்கு வருவோம். நம் மலையில் ஐந்தாயிரத்தைவிட வாரண்டி எப்படி என்பதுதான் பெரிய காசு.

என் சொந்தக் கதையே ஒன்று. நாலைந்து வருஷம் முன்னால் ஆன்லைன் ஆஃபரில் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். ஒன்பதாம் மாதம் போர்டு போய்விட்டது. பெட்டியில் "ஆன்சைட் வாரண்டி" என்று அச்சடித்திருந்தது. போன் பண்ணினால், உங்கள் பின்கோடுக்கு ஆள் வரமாட்டார், கோவைக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஒப்படைக்க ஒரு தடவை, பார்ட்ஸ் தப்பாக வந்ததால் ஒரு தடவை, வாங்கிவர ஒரு தடவை. நடுவில் ஐப்பசி மழையில் குன்னூர் காட் ரோட்டில் மண் சரிந்து, கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போனேன். மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்கும் டீக்கும் கடை மூடின மூன்று நாளுக்கும் சரியாகப் போயிற்று. கடைக்காரனுக்கே இந்தக் கதி!

அதனால் வாங்குவதற்கு முன்பே பிராண்டின் எண்ணைக் கூப்பிட்டு, "643101-க்கு வீட்டுக்கு ஆள் வருவாரா?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டு எண் எதுவோ அதைச் சொல்லுங்கள், ஊட்டி 643001 என்பதால் மட்டும் கூடலூர் 643212-க்கும் வருவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆம் என்று சொன்னால் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த மெயில் கையில் இருக்கிற பிராண்டைத் தீபாவளிக்கும் வாங்கலாம், நாளைக்கும் வாங்கலாம். பேரனுக்கு ஜூலையில் வகுப்பு என்றால் நாளைக்கே.

எங்கள் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்து வாங்கினால் லேப்டாப் கெடாமல் இருக்குமா? – தேவாலா

நல்ல கேள்வி, இதுவரை யாரும் கேட்காதது. மழை முடியக் காத்திருக்க வேண்டாம். ஓடுகிற லேப்டாப்பை ஈரம் அவ்வளவாகத் தொடாது, அதன் சூடே உலர்த்திவிடும். ஓடாமல் கிடப்பதுதான் கெடும். டெமோவுக்கு வைத்திருந்த ஒன்றை நான் ஒரு மழைக்காலம் முழுக்க பீரோவில் பையோடு வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் யுஎஸ்பி வாயில் பச்சைக் களிம்பு, புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடம் மாதிரி. பையின் உள்பக்கம் வெள்ளையாகப் பூசணம். தினம் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். பையில் வைக்காதீர்கள், மேஜை மேல் துணி போட்டு மூடினால் போதும். இடி இடித்தால் சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

கொட்டும் மழையில், குளிரில், டெலிவரி வேனில் வந்த பார்சலை வாங்கின உடனே பிரித்து ஆன் பண்ணாதீர்கள். வீட்டுக் கதகதப்பு பட்டதும் சில்லென்ற போர்டில் பனித்துளி பூக்கும், மூக்குக் கண்ணாடியில் பூப்பதுபோல. டப்பாவோடு ஒரு மணி நேரம் அப்படியே அறையில் கிடக்கட்டும். பிள்ளைகளை அதுவரை சமாளிப்பது உங்கள் பாடு.