இந்தியாவில் புரொபஷனல் கோல்ஃப் வீரருக்கு ஒரு சீசன் எப்படிப் போகும்? மாதச் சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது. 2006-இல் தொடங்கிய பிஜிடிஐ (புரொபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா) என்ற போட்டிச் சுற்றில் ஜெயிக்கிற பரிசுப் பணம்தான் முக்கிய வருமானம்.

ஆண்டின் தொடக்கத்தில் குவாலிஃபையிங் ஸ்கூல் என்ற தேர்வுப் போட்டி நடக்கும். அதில் தேறியவர்களுக்கும், முந்தைய சீசனில் தரவரிசையில் போதிய இடம் பிடித்தவர்களுக்கும்தான் ஆடும் உரிமை. அப்புறம் டிசம்பர் வரை ஊர் ஊராகப் பயணம்.

பெரும்பாலான போட்டிகள் 4 நாள், 72 குழி. முதல் 36 குழி முடிந்ததும் 'கட்' விழும்; அதாவது, பின்தங்கியவர்கள் அங்கேயே வெளியேறுவார்கள். என்னைப் பொறுத்தவரை சீசனின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் நாள் மாலை, 18-ஆவது குழியில் நாலடி தூரத்திலிருந்து குழிக்குள் உருட்டிவிடும் 'பட்' ஒன்று விளிம்பைத் தொட்டு வெளியே உருண்டு, கட்டைத் தாண்ட முடியாமல் போனால், அந்த வாரத்துக்கு ஒரு பைசா வராது. ரயில் டிக்கெட், விடுதி, மட்டைப் பையைச் சுமக்கும் கேடிக்குக் கொடுக்கும் கூலி எல்லாம் கைக்காசு. ஸ்பான்சர் இல்லாத வீரருக்கு இப்படி மூன்று வாரம் தொடர்ந்தால் அடுத்த ஊருக்குப் போவதே கேள்விக்குறிதான்.

சீசன் பெரும்பாலும் ஜாம்ஷெட்பூரில் முடியும். டாடா ஸ்டீல் டூர் சாம்பியன்ஷிப்புக்கு பெல்டி, கோல்முரி என்ற இரண்டு மைதானங்களையும் பயன்படுத்துவார்கள்.

ஆண்டு முழுக்கச் சேர்த்த பரிசுப் பணம்தான் தரவரிசை. 2023-இல் முதலிடம் பிடித்த மத்தியப் பிரதேசத்தின் மோவ் ஊர்க்காரர் ஓம் பிரகாஷ் சௌகானுக்கு, அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் டிபி வேர்ல்ட் டூரில் ஆடும் உரிமை கிடைத்தது. இந்தியச் சுற்றிலிருந்து நேராக அங்கே போக ஒரு வழி திறந்தது பெரிய விஷயம்.