பக்கவாட்டில் ஓடும் மாதங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் 40 வீடுகளுக்கும் பராமரிப்புக் கட்டணக் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறேன். 12 மாதங்களும் தனித்தனி நெடுவரிசைகள். மாதவாரியாக நிலுவையைப் பிரிக்க முடியவில்லையே?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: செம்பூரில் எங்கள் சங்கக் கணக்கோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மல்லுக்கட்டியவன் நான். மாதப் பெயர்கள் தலைப்பில் உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல், ஒவ்வொரு மாதமும் தனி வரியாக (row) வரும்படி அவற்றைக் கீழே இறக்குங்கள். முதலில் 'மொத்தம்' நெடுவரிசை இருந்தால் நீக்குங்கள். காலிக் கட்டங்களில் 0 போடுங்கள், இல்லையென்றால் பணம் கட்டாதவர்களின் வரிகளே மறைந்துவிடும் (சிலருக்கு அதுதான் வசதி!). எக்செல் 2016 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், 'டேட்டா' பகுதி வழியாக அட்டவணையைப் பவர் குவெரியில் (எக்செலுக்குள்ளேயே இருக்கும், அட்டவணையை மாற்றியமைக்கும் கருவி) திறங்கள். வீட்டு எண் நெடுவரிசையில் வலது கிளிக் செய்து 'அன்பிவட் அதர் காலம்ஸ்' (Unpivot Other Columns: மற்ற நெடுவரிசைகளை வரிகளாக மாற்று) கொடுங்கள். வீடு, மாதம், தொகை என்று 480 வரிகள் வந்து நிற்கும்.