பயிற்சி முடிந்தது, மாத்திரையும் வந்தது. பிறகும் ஏன் ஆட்கள் வருவதில்லை?

கேள்வி: குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிரஷர் நோயாளிகளுக்குப் புது முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வரிசையில் மாத்திரை (முதலில் இது, குறையாவிட்டால் அடுத்தது அது), மாதம் ஒரு தடவை அளந்து பார்ப்பது, ஆளுக்கொரு அட்டை, அதே விவரத்தைச் செல்போன் செயலியிலும் ஏற்றுவது, வராதவர்களைப் போனில் கூப்பிடுவது. இரண்டு தடவை பயிற்சி நடந்தது. முதல் இரண்டு மாதம் நன்றாகப் போனது. இப்போது ஆண்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அட்டையைச் சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிறோம். டாக்டர் மாறியதும் பழையபடி ஆளுக்கொரு மாத்திரை எழுதும் வழக்கம் வந்துவிட்டது. மேலிடத்தில் மறுபடி பயிற்சி வைக்கலாம் என்கிறார்கள். அதில் பலன் உண்டா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: சிஸ்டர், மூன்றாவது பயிற்சியால் பெரிய பலன் இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாததைத் தெரிய வைப்பதுதான் பயிற்சியின் வேலை. உங்கள் நிலையத்தில் பி.பி. அளக்கவோ அட்டை நிரப்பவோ தெரியாதவர் யாரும் இல்லை. முதல் இரண்டு மாதம் நடந்த வேலையே அதற்குச் சாட்சி. தெரிந்திருந்தும் செய்ய முடியாமல் போவதுதான் உங்கள் சிக்கல். அதற்கு வேலையின் அமைப்பை மாற்ற வேண்டும்.

மருத்துவத்தில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-ல் ஆய்வு வெளியானது. அடுத்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தப் பட்டியல் எல்லா மருத்துவமனைகளுக்கும் வந்தது. 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், இறப்பு குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் தென்படவில்லை. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய அதே தாள்தான். காரணம் என்ன என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எட்டு நகரங்களில் ஒவ்வொரு குழுவும் அதைத் தன் அறைக்கு ஏற்றபடி பழக்கிக்கொண்டது, மற்ற இடத்தில் அது உத்தரவாக வந்து சேர்ந்தது என்ற விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது.

நம் நாட்டு அனுபவம் இன்னும் தெளிவானது. உத்தரப் பிரதேசத்தில் 120 நிலையங்களில் பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலை ஆராய்ந்தார்கள். பாதி நிலையங்களுக்கு எட்டு மாதம் ஆள் அனுப்பி, வேலை நடக்கும் இடத்திலேயே கூட நின்று ஊக்கப்படுத்தினார்கள். முக்கியமான 18 செயல்களைச் செய்யும் அளவு அங்கே இரண்டாம் மாதத்தில் சுமார் 73 சதவீதம். உதவி கிடைக்காத நிலையங்களில் 42. பன்னிரண்டாம் மாதத்தில், கூட நின்றவர்கள் போன பிறகு, உதவி பெற்ற நிலையங்களில் அது 62-க்கு இறங்கிவிட்டது. தாய், சேய் இறப்பிலும் வித்தியாசம் வரவில்லை. 2017-ல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் உங்கள் நிலைமையை இதைவிட நன்றாக விளக்கும் ஆய்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கூட நிற்க ஆள் இருக்கும்வரை வேலை நடக்கும். ஆள் போனதும் தளரும். அதற்குப் பிறகும் நிலைக்க வேண்டுமானால், மாத்திரை இருப்பு, ஆட்பலம், நேரம் எல்லாம் அந்த முறையைத் தாங்க வேண்டும்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். ஆண்கள் வருவதில்லை என்கிறீர்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் ஒரு மாதம், நாற்பது நாள் என்று கடலில் கிடக்கின்றன. பலர் கொச்சித் துறைமுகத்திலிருந்தே புறப்படுகிறார்கள். அவர்களிடம் முப்பது நாள் மாத்திரையைக் கொடுத்து முப்பதாம் நாள் வரச் சொல்கிறோம். வராவிட்டால் போன் அடிக்கிறோம், நடுக்கடலில் சிக்னல் கிடைப்பதில்லை. செயலியில் அவர் பெயர் ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’ வரிசைக்குப் போகிறது. அந்த மனிதர் எதையும் கைவிடவில்லை. நம் நாட்காட்டி அவருடைய தொழிலோடு பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆகவே ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று அறிக்கையில் எழுத வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வரியோடு தேடல் நின்றுவிடும்.

மாதாமாதம் பார்த்தே தீர வேண்டும் என்று மருத்துவமும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலின்படி, மாத்திரை தொடங்கிய பிறகும் மாற்றிய பிறகும் அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். கட்டுக்குள் வந்துவிட்டால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். அப்படியானால் அடுத்தடுத்து இரண்டு தடவை 140/90-க்குக் கீழே இருந்தவர்கள், அண்மையில் மாத்திரை மாறாதவர்கள், சிறுநீரகம், இதயம் போன்ற வேறு சிக்கல் இல்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். மெடிக்கல் ஆபீசர் பார்த்து ஒப்புக்கொண்டால், கடலுக்குப் போகிறவர்களுக்குத் தொண்ணூறு நாள் மாத்திரை கொடுக்கலாம். ஈரம் படாத டப்பாவில் கொடுப்பது முக்கியம். ‘தலைசுற்றல் இல்லையே’ என்று பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. அதனால் நிறுத்தக் கூடாது என்பதை அவரிடம் சொல்லும்போது மனைவியும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இன்னும் கட்டுக்குள் வராதவர்களை எப்போது பிடிப்பது? மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கரையான சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் விசைப்படகு ஆண்கள் பெரும்பாலும் கரையில்தான் இருப்பார்கள். புதிதாகச் சேர்ப்பது, இரண்டு வாரம், நாலு வாரம் என்று நெருக்கமாக அளப்பது, மாத்திரை அளவை ஏற்றிச் சரிசெய்வது எல்லாவற்றையும் இந்த இரண்டு மாதத்தில் முடிக்கத் திட்டமிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் தேவாலய வளாகத்தில் ஒரு மேசை போட்டு அளந்தால், ஓ.பி.க்கு வராத ஆளும் வருவார். பங்குத்தந்தையும் அன்பியம் எனும் பங்கின் சிறு குழுக்களும் ஒரு வார்த்தை அறிவித்தால் உங்கள் நூறு போன் அழைப்புக்குச் சமம். இடைப்பட்ட மாதங்களில், 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டு கொடுக்கிறார்களே, எந்த வீட்டில் எந்தப் படகு எப்போது கரைக்கு வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தகவலைக் கேட்டு வாங்குங்கள்.

இதே முறை குலசேகரம், அருமனை பக்கம் போனால் வேறு இடத்தில் தட்டும். அங்கே ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார்கள், காலை ஓ.பி. அவர்களுக்கு ஆகாது, பிற்பகல்தான் சரி. பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் உள்ள காணி பழங்குடி மக்களுக்குப் படகுதான் பிரச்சினை. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். அதனால் பக்கத்து நிலையத்தில் பலித்ததை அப்படியே எடுத்து வைக்கச் சொன்னால் தயங்கி யோசியுங்கள்.

அடுத்தது அட்டை. சாயங்காலம் மொத்தமாக நிரப்புவதற்காக உங்களை யாரும் குறை சொல்லக் கூடாது. ரெஜிஸ்டர், அட்டை, செயலி என்று ஒரே எண்ணை மூன்று இடத்தில் எழுதச் சொன்னால், கூட்டம் நெரியும் காலையில் யாராலும் முடியாது. நினைவிலிருந்து எழுதும் எண்ணில் பிழை வரும். அந்த எண்ணை வைத்துத்தான் மாத்திரையைக் கூட்டுகிறோம் என்பதே எனக்குக் கவலை. புது வேலை ஒன்று வரும்போது பழைய வேலை ஒன்று போக வேண்டும். எந்தப் பதிவை நிறுத்தலாம் என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழி அனுமதி அடுத்த ஆய்வு நாளில் நிற்காது. அதோடு பி.பி. கருவியை டாக்டர் அறைக்கு முன்னால், சீட்டுப் போடும் இடத்தின் பக்கம் வையுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு அளந்து, அங்கேயே செயலியில் ஏற்றிவிட்டால் சாயங்கால வேலை தானாகக் குறையும்.

டாக்டர் மாறியது பற்றி. ஒரே மாத்திரை வரிசை, போதுமான இருப்பு, நர்ஸும் பங்கெடுக்கும் சிகிச்சை, நோயாளிக்கு வசதியான கவனிப்பு, பதிவு, இந்த ஐந்து தூண்களின்மேல்தான் 2017-ல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி நிற்கிறது. முதல் தூணை எடுத்தால் இரண்டாவதும் ஆடும்: ஆளுக்கொரு மாத்திரை எழுதினால் பார்மசிஸ்ட்டால் இருப்பைக் கணக்கிட முடியாது. புது டாக்டருக்கு இந்த முறையை யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள். குறை சொல்லும் தொனி இல்லாமல், உங்கள் நிலையத்தின் எண்களோடு போய்ப் பேசுங்கள். மூன்று மாதம் முன்பு எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இருந்தது, இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது, இந்த இரண்டு எண் போதும். மாத்திரை வரிசை எழுதிய தாளை அவர் மேசைக்கு நேர் எதிரே ஒட்டுங்கள். அடுத்த டாக்டர் வரும்போதும் அது அங்கே இருக்கும்.

மாதக் கூட்டத்தில் பயிற்சி பற்றிய பேச்சு வந்தால், அந்த ஒரு நாளை இப்படிக் கேளுங்கள்: மேலிடத்திலிருந்து ஒருவர் காலை ஓ.பி.யில் உங்களோடு உட்கார்ந்து, ஒரு நோயாளி உள்ளே வந்தது முதல் மாத்திரையோடு வெளியே போவதுவரை பார்க்கட்டும். எங்கே நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறார் என்பது அவருக்கே தெரியும். உங்கள் கோரிக்கைக்கும் பலம் கிடைக்கும்.

இருப்பு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். போன மாதச் செலவை வைத்து இண்டென்ட் (மருந்து கேட்புப் பட்டியல்) போடும் வழக்கம் இருந்தால், தொண்ணூறு நாள் மாத்திரை கொடுக்கத் தொடங்கிய முதல் மாதமே அலமாரி காலியாகும். மாத்திரை இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி வருவது அபூர்வம். பட்டியலில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை மாத்திரை என்று பெருக்கி, தடைக்காலத்தில் புதிதாகச் சேரக்கூடியவர்களுக்கும் கொஞ்சம் கூட்டி, ஏப்ரல் மாதத்திலேயே பார்மசிஸ்ட்டோடு உட்கார்ந்து இண்டென்ட்டை எழுதிவிடுங்கள்.