மருத்துவ நூலகர் பதில்கள்: புதிய ஆய்வுகளைத் தேடிப் படிப்பது எப்படி?

கேள்வி: பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியர் நான். புதிய ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று மேலதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. இதில் நூலகம் எனக்கு என்ன உதவி செய்ய முடியும்?
– அறுவை சிகிச்சை வார்டு செவிலியர் ஒருவர்

பதில்: எல்லாவற்றையும் படித்தாக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தரவுத்தளத்தில் மட்டும் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைப் பதிவுகள் உள்ளன. உங்கள் வார்டில் திரும்பத் திரும்ப எழும் ஒரே ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வாருங்கள், அது போதும்.

நீங்கள் அன்றாடம் கையாளும் ஐ.வி. கேனுலாவையே, அதாவது மருந்து செலுத்த இரத்தக் குழாயில் பொருத்தும் சிறு குழாயையே எடுத்துக்கொள்வோம். அதை மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டுமா, அல்லது வலியோ வீக்கமோ சிவப்போ தெரியும்போது மட்டும் மாற்றினால் போதுமா? "கேனுலா, தொற்று" என்று இரண்டு சொற்களைத் தட்டித் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அதனால்தான் நூலகர் உங்களிடம் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்குவார்: நோயாளி யார், அவருக்குச் செய்வது என்ன, அதை எதனுடன் ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம். இந்த நான்கும் தெளிவானால், தேடல் பெரும்பாலும் கைக்கு அடங்கிவிடும்.

அப்படித் தேடும்போது, 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான, 3,283 நோயாளிகளைக் கொண்ட ஆஸ்திரேலிய ஆய்வு கிடைக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிய பிரிவு, தேவைப்பட்டபோது மட்டும் மாற்றிய பிரிவு என இரு பிரிவிலும் சிரை அழற்சி (கேனுலா பொருத்திய இரத்தக் குழாயில் வரும் அழற்சி) 7 சதவீதமாகவே இருந்ததால், நாள் கணக்குப் பார்த்து மாற்றத் தேவையில்லை என்ற முடிவுக்கு அந்த ஆய்வு வந்தது. அத்துடன் தேடலை மூடிவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். தேவைப்படும்போது மட்டும் மாற்றும் முறைக்கு மாறிய ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கேனுலா வழியான இரத்த ஓட்டத் தொற்று அதிகரித்ததையும், பழைய முறைக்குத் திரும்பிய பிறகு அது குறைந்ததையும் 2021-இல் வெளியான மற்றொரு ஆய்வு பதிவு செய்தது. முன்னது குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த சோதனை. பின்னது நடைமுறையைக் கண்காணித்துத் திரட்டிய தரவு. இரண்டின் எடையும் ஒன்றல்ல என்றாலும், இரத்த ஓட்டத் தொற்று போன்ற அரிய விளைவு பெரிய எண்ணிக்கையைப் பார்த்தால்தான் கண்ணில் படும் என்பதால், பின்னதைத் தள்ளிவிடவும் முடியாது. உங்கள் வார்டின் நடைமுறையை முடிவு செய்ய வேண்டியது தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு. ஆனால் அந்தக் குழுவின் முன் இரண்டு ஆய்வுகளையும் வைக்க உங்களால் முடியும்.

ஒருமுறை செய்த தேடலை பப்மெட்டில் இலவசக் கணக்கு தொடங்கிச் சேமித்து வைத்தால், அதே பொருளில் புதிதாக வருபவை வாரம் அல்லது மாதம் ஒருமுறை மின்னஞ்சலுக்கு வந்துவிடும். முன்பெல்லாம் புதிய இதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை நகலெடுத்துத் துறை துறையாக நாங்கள் சுற்றுக்கு விடுவோம். இப்போது அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. மாதம் ஒருமுறை போதும். தினமும் வரச் சொன்னால், இரண்டாம் வாரத்திலேயே திறக்காமல் அழிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டால் நொடியில் மேற்கோள்களோடு பதில் தருகிறது. அப்புறம் நூலகர் எதற்கு?
– மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு பொருளைப் பற்றி மேலோட்டமாக அறியவும், தேடலுக்கான சொற்களைத் திரட்டவும் அந்தச் செயலிகள் உதவும். சிக்கல் மேற்கோள்களில்தான். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் ஒழுங்காக அமைந்த, ஆனால் எங்குமே வெளியாகாத கட்டுரைகளைத் தேடித் தரச் சொல்லி மாணவர்கள் எங்களிடம் வருவது வழக்கமாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு தலைப்பையும் பப்மெட்டில் இட்டு, அப்படி ஒரு கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திறந்து, செயலி சொன்னதைத்தான் அதுவும் சொல்கிறதா என்று பாருங்கள்.

உண்மையிலேயே வெளியான கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம் என்பதை மறவாதீர்கள். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய, வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை 1998-இல் வெளியிட்ட லான்செட், அதை 2010-இல்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. கோவிட் காலத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து குறித்து அதே இதழில் 2020 மே 22 அன்று வந்த கட்டுரையோ, தரவுகளைச் சரிபார்க்க முடியாமல் போனதால் ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறப்பட்டது என்ற எச்சரிக்கை பப்மெட் பதிவில் மேலேயே தெரியும். நீங்கள் அதற்கு முன்பே கைப்பேசியில் இறக்கி வைத்த பி.டி.எஃப். கோப்பில் தெரியாது.

கேள்வி: முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறார்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கருத்தரங்கில் பேசலாமா?
– பயிற்சி மருத்துவர் ஒருவர்

பதில்: பேசாமல் இருப்பது நல்லது. யாரைச் சேர்த்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், பக்க விளைவுகள் என்னென்ன போன்ற விவரங்கள் பல நேரங்களில் சுருக்கத்தில் இடம்பெறுவதில்லை. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பப்மெட் சென்ட்ரலில் அந்தக் கட்டுரை முழுதாக இலவசமாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களோடு இணைந்து 2002-இல் தொடங்கிய ஹினாரி திட்டத்தின் வழியே, வருவாய் குறைந்த நாடுகளின் மருத்துவ நிறுவனங்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இதழ்களைப் படிக்கலாம்; தனிநபர்கள் அதில் சேர முடியாது, நிறுவனம்தான் பதிவு செய்ய வேண்டும். இவ்விரண்டிலும் கிடைக்காவிட்டால், உங்கள் நூலகர் வேறொரு நூலகத்திலிருந்து நகல் பெற்றுத்தர முயல்வார். அவருக்கு நீண்ட கடிதம் எழுத வேண்டியதில்லை. பப்மெட் பதிவில் கட்டுரையோடு இருக்கும் பி.எம்.ஐ.டி. எண்ணையும், கருத்தரங்கு எந்தத் தேதியில் என்பதையும் மட்டும் தெரிவியுங்கள்.